கரையேறாத குட்டி

“ஏழு வருஷம், ரெண்டு மாசம், பதினோரு நாள் ஆச்சும்மா. இன்னும் எவ்வளவு?” என்று கேட்டார் பரஞ்சோதி.

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“அதுகளுக்குப் புழு தோண்டியாச்சா?” என்றார்.

பரஞ்சோதி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பூண்டு வயலுக்குப் போனார்.

*

மேல்மலையில் ஒரு மடம். மேகம் வாசல்வரைக்கும் வந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அப்படி ஓர் இடம்.

பரஞ்சோதிக்கு அப்போது அறுபது வயது. முப்பத்தொரு வருஷம் கோவில்பட்டிப் பக்கம் சர்வேயராக நிலம் அளந்தவர். வேலையை விட்டு வந்தாலும் அளப்பது அவரை விடவில்லை. மடத்துக்கு ஏறிவர முந்நூற்றுப் பன்னிரண்டு படி. சுனையிலிருந்து சமையற்கட்டுக்கு அறுபத்தேழு அடி. இதெல்லாம் அவர் வந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

மடத்தை நடத்தும் அம்மாவுக்கு நாற்பத்து மூன்று. பெயர் நிறைமதி. பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஆளில்லை. தன் கடைசித் தங்கை வயதுள்ளவரைப் பரஞ்சோதி “அம்மா” என்பார். அவர் இவரைச் “சர்வேயரே” என்பார். தினமும் காலையில் அம்மா அவரிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“மாத்திரை போட்டாச்சா சர்வேயரே?”

தைராய்டு மாத்திரை. வெறும் வயிற்றில் போட வேண்டியது. ஊரையே அளந்த மனிதருக்கு அது மட்டும் மறந்துபோகும்.

*

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு.

புதிதாக ஏறி வருகிறவர் செருப்பைக் கழற்றி, வாசல் சுவரில் வரிசையாக அடித்திருக்கும் ஆணிகளில் ஒன்றில் மாட்ட வேண்டும். அன்று முதல் வெறுங்கால்தான். நடுவில் ஒரு தடவைகூட அதைப் போட்டுப் பார்க்கக் கூடாது.

ஆள் தேறிவிட்டார் என்று அம்மாவுக்குப் படுகிற நாளில், அம்மாவே செருப்பை எடுத்து அவர் காலடியில் வைப்பார். அவர் அதை மாட்டிக்கொண்டு மலை இறங்குவார். கீழே ஏதாவது ஓர் ஊரில் உட்கார்ந்து, நொந்து வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்வார்.

ஆணி காலியாக இருந்தால் ஆள் பழுத்தாயிற்று என்று அர்த்தம்.

பரஞ்சோதியின் செருப்பு மூன்றாவது ஆணியில் தொங்கியது. வறண்டு போகாமலிருக்கப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி தேங்காயெண்ணெய் தடவிவைப்பார்.

அந்த வாரம் ஏழாவது ஆணி காலியாகியிருந்தது. திருமலைக்கொழுந்து இறங்கிப் போயிருந்தான். வயது இருபத்தாறு. பரஞ்சோதிக்கு மூன்று வருஷம் கழித்து ஏறியவன்.

பரஞ்சோதியின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி உலகம்மாள் சாகும்போது, வீட்டையொட்டி இருந்த மூன்று சென்ட் மனையைக் காட்டி, மனசு விட்டுப் பேச நாலு பேர் வந்து உட்கார்ந்து போகும் இடமாக அது இருக்கட்டும் என்று கேட்டிருந்தார். பேச வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல நீங்கள் இருங்கள் என்றும் சொல்லியிருந்தார். தனக்கு என்ன பதில் தெரியும் என்றுதான் பரஞ்சோதி மலையேறினார். இவர் மேலே இருக்க, கீழே அந்த மனையில் ஒரு மண்டபம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக்கொண்டிருந்தது.

*

“அதுகள்” வந்ததும் அதே வாரத்தில்தான்.

எபனேசர் என்று கீழே ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். எப்போதாவது மடத்துக்கு வருவார். அந்த முறை தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் குழந்தையைப்போலத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆய்வுக்கூடத்தில் ஏசி நின்றுபோய்விட்டதாம். இந்தச் சூட்டில் இதுகள் பிழைக்காது, உங்கள் சுனைத் தண்ணீரில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்.

உள்ளே ஐஸ் பாட்டில். பாட்டிலுக்குப் பக்கத்தில் விரல் நீளத்தில் இரண்டு உயிர்.

ஒன்று கரி நிறம். மற்றொன்று பச்சைக் குழந்தையின் உள்ளங்கை நிறம். பல்லி உடம்பு, மீன் வால். கழுத்தின் இரு பக்கமும் மூன்று மூன்றாக, இறகு போல ஆறு செவுள்கள். எந்நேரமும் சிரிப்பதுபோல ஒரு வாய்.

இதன் பெயர் ஆக்சலாட்டல் என்றார் எபனேசர். மெக்சிக்கோ நாட்டில் ஓர் ஏரி, அதைச் சேர்ந்த வாய்க்கால்கள். அதை விட்டால் உலகத்தில் இதற்குச் சொந்த ஊர் கிடையாது. தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். மணல் போடக் கூடாது, விழுங்கிவிடும். வெயில் படக் கூடாது.

சுனைக்கு அருகில் நிழலான இடத்தில் ஒரு கல்தொட்டி இருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்து, அதே அளவு வழிந்து போகும்.

அம்மா பெட்டியைப் பரஞ்சோதியிடம் கொடுத்தார்.

“பார்த்துக்கிடுங்க.”

அவ்வளவுதான் சொன்னார்.

அந்த மடத்தில் சீடர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அம்மா துடைப்பத்தைக் கொடுத்தாலும் அதற்குள் ஒரு விடுகதை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பரஞ்சோதியும் அப்படித்தான் வாங்கிக்கொண்டார்.

*

முதல் மாதம் அவர் கண்டது, அதுகள் ஒன்றுமே செய்வதில்லை என்பதைத்தான்.

தொட்டியின் அடியில் நாலு காலையும் ஊன்றி நிற்கும். நின்றால் நின்றதுதான். செவுள் மட்டும் எப்போதாவது ஒருமுறை சிலிர்த்து அடங்கும். கண்ணுக்கு இமை இல்லை. தூங்குகிறதா, விழித்திருக்கிறதா, தெரியாது.

ஒருநாள் பரஞ்சோதி அதோடு போட்டிக்கு உட்கார்ந்து பார்த்தார். பதினெட்டாவது நிமிஷத்தில் அவருக்கு முழங்கால் வலித்தது. அது அப்படியே நின்றது.

இடையில் எதற்கோ ஒருமுறை மேலே மிதந்து வரும். நீரின் தோலை வாயால் தொட்டு ஒரு மிடறு காற்றை விழுங்கும். மறுபடி இறங்கிவிடும்.

செவுளாலும் மூச்சு, தோலாலும் மூச்சு, போதாதென்று நுரையீரலும் இருக்கிறது என்று எபனேசர் சொல்லியிருந்தார். மூன்று வாசல் வைத்த வீடு. ஆனாலும் அது வெளியே வரவில்லை.

புழுவைப் போட்டால் மட்டும் வேறு கதை. புழு நெளிந்துகொண்டே இறங்கும். கரியது அசையாமல் நிற்கும். புழு அதன் மூக்குக்கு நேரே வரும்.

புழு இருந்தது. பிறகு இல்லை.

நடுவில் என்ன நடந்தது என்று பரஞ்சோதியால் ஒருநாளும் பார்க்க முடிந்ததில்லை. வாயைத் திறந்த வேகத்தில் சுற்றியிருந்த தண்ணீரே உள்ளே இழுபட்டு, புழுவும் அதோடு போயிருக்கும்.

மடத்துச் சமையற்காரர் ஆறுமுகநயினார் இதைப் பார்த்துவிட்டு, “பந்தியிலே உங்க வேகம் இதுகிட்ட தோத்துது அண்ணாச்சி,” என்றார்.

*

மூன்றாவது மாதம் ஒரு காலையில் வெளிர் நிறத்ததுக்கு வலது கை இல்லை.

முட்டிக்குக் கீழே வெட்டினாற்போலப் போயிருந்தது. கரியது எதிரே நின்றுகொண்டிருந்தது, அதே சிரிப்போடு.

தன் பார்வையில் விட்ட ஓர் உயிருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று பரஞ்சோதி தொட்டியோரம் உட்கார்ந்து அழுதார் என்றுகூடச் சொல்வார்கள். இரண்டையும் நடுவில் கல் வைத்துப் பிரித்தார். பிறகு அம்மாவிடம் போனார்.

“கை போயிருச்சும்மா.”

அம்மா அவர் கைகளைப் பார்த்தார். இரண்டும் இருந்தன.

“புழு தின்னுச்சா?” என்றார்.

“தின்னுச்சு.”

“சரி,” என்றார் அம்மா.

பரஞ்சோதி ஒரு நோட்டுப் போட்டார். தினமும் காலையில் பழைய அடிக்கோலைத் தொட்டியின் விளிம்பில் வைத்து அளந்து எழுதினார்.

நாலாம் நாள் காயம் மூடிவிட்டது. தழும்பே இல்லை. பத்தாம் நாள் நுனியில் ஒரு மொட்டு. இருபதாம் நாள் அது துடுப்பு மாதிரித் தட்டையாயிற்று. முப்பதாம் நாள் துடுப்பில் வெட்டுகள் விழுந்தன. அந்த வெட்டுகள் விரல்களாயின.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

முன்காலுக்கு நாலு விரல்தான் அதற்கு. பழைய கையிலும் அத்தனைதான்.

ஆறுமுகநயினாருக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணச் சமையலில் கிரைண்டர் வாங்கிக்கொண்டது. மொட்டு விட்ட நாளிலிருந்து அவர் கேலி பேசுவதை நிறுத்தியிருந்தார். உலையை வைத்துவிட்டு வந்து தொட்டியோரம் நிற்பார். ஐம்பத்து மூன்றாம் நாள் வெளிர் நிறத்தது அந்தப் புதுக் கையை ஊன்றி ஓர் அடி நடந்தது.

ஆறுமுகநயினார் தன் இடது கையைத் தோள் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் வெளியே எடுத்தார். தண்ணீருக்குள் மெதுவாக விட்டார். வெளிர் நிறத்தது நடந்துவந்து அந்தக் குட்டை விரல் ஒன்றின் மேல் புதுக் கையை வைத்தது.

“சில்லுனு இருக்கு அண்ணாச்சி,” என்றார்.

பரஞ்சோதி நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனார்.

“ஐம்பத்து மூணே நாள்ல கை முளைச்சிருச்சும்மா. எலும்பு, தசை, விரல், எல்லாம். எப்படிம்மா?”

“அதுகிட்ட கேட்டீங்களா?”

“அது பேசாதே அம்மா.”

“நல்லவேளை,” என்றார் அம்மா.

*

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இரண்டும் முக்கால் அடிக்கு வளர்ந்திருந்தன. ஒன்றையொன்று கடிப்பது நின்றுபோனதால் பரஞ்சோதி நடுக்கல்லை எடுத்துவிட்டிருந்தார். செவுள் அப்படியே இருந்தது. வால் அப்படியே இருந்தது.

கார்த்திகையில் எபனேசர் மறுபடி வந்தார். பரஞ்சோதி அவரை நேரே தொட்டிக்கு அழைத்துப் போனார். ஒன்றரை வயசாகிறது, இன்னும் குட்டியில் பார்த்த மாதிரியே இருக்கிறதே என்று கேட்டார்.

“இது குட்டிதான் சார்,” என்றார் எபனேசர்.

தவளைக்குத் தலைப்பிரட்டை எப்படியோ அப்படி என்று விளக்கினார். இதன் சொந்தக்காரர்கள் பலர் குட்டியில் இப்படித்தான் செவுளோடு நீரில் கிடப்பார்கள். பருவம் வந்ததும் செவுள் சுருங்கும், கண்ணுக்கு இமை வரும், தோல் தடிக்கும், கரையேறி நடந்து போய்விடுவார்கள். இது ஒன்று மட்டும் அந்தப் படியில் கால் வைப்பதில்லை.

“ஏன் சார்?”

“தொண்டையில ஒரு சுரப்பி இருக்கு. தைராய்டு. இதுக்கு அது போதுமான அளவு வேலை செய்றதில்லை.”

பரஞ்சோதியின் கை தன் தொண்டைக்குப் போயிற்று.

அந்த மருந்தைக் கொடுத்தால் கரையேறிவிடும், அப்படிச் செய்து பார்த்தும் இருக்கிறார்கள் என்றார் எபனேசர். ஆனால் பாவம், பாதியில் செத்துப்போவதும் உண்டு, பிழைத்தாலும் பெரும்பாலும் ஆயுசு குறைந்துவிடும். யாரும் செய்யக் கூடாத வேலை. அதோடு இதில் இருக்கிற பெரிய அதிசயமே வேறு என்று ஏதோ ஆரம்பித்தார்.

பரஞ்சோதி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். காதில் எதுவும் விழவில்லை.

கரையேறிவிடும் என்ற இடத்திலேயே அவர் நின்றுவிட்டார்.

*

மார்கழியில் ஊரிலிருந்து தங்கை மகன் கடிதம் போட்டிருந்தான். மண்டபத்துக்கு வெள்ளையடித்தாயிற்று. அத்தை படத்தையும் மாட்டியாயிற்று. தைப்பூசத்துக்குள் யாரும் வந்து உட்காராவிட்டால் உரக்கடைக்காரர் மூட்டை அடுக்க இடம் கேட்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சரி சொல்லிவிடுவார்கள் போலிருக்கிறது. வேறு யாரையாவது அனுப்பினாலும் போதும் மாமா என்று முடித்திருந்தான்.

அந்தக் கடைசி வரியைப் பரஞ்சோதி பலமுறை படித்தார்.

காலையில் அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

“எட்டு வருஷம், ஆறு மாசம், மூணு நாள்.”

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கடிதம் அவர் கையில் இருந்ததையும் பார்த்தார்.

“மாத்திரை போட்டாச்சா சர்வேயரே?” என்றார்.

தினமும் கேட்பதுதான். ஆனால் பரஞ்சோதிக்கு அன்று உடம்பு முழுக்கச் சிலிர்த்தது.

அம்மா எதையும் சும்மா கொடுப்பதில்லை. கரையேறாத ஒன்றைத் தன்னிடம் கொடுத்தார். அதற்கு எது குறையோ அதே குறை தன் தொண்டையில் இருக்கிறது. மருந்து தன் பெட்டியில் இருக்கிறது. அம்மா தினமும் அதை ஞாபகப்படுத்திக்கொண்டும் இருக்கிறார். இவ்வளவு வெளிச்சமாகச் சொல்லியும் ஒன்றேகால் வருஷமாகத் தனக்கு விளங்கவில்லையே.

அதைக் கரையேற்றினால் தனக்குச் செருப்பு.

இப்படி முடிவு செய்துகொண்டார் அந்த மனிதர்.

செத்துப்போவதும் உண்டு என்று எபனேசர் சொன்னது காதில் விழவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. விழுந்த ஒன்றுதான் பிறகு பத்து நாள் ராத்தூக்கத்தைக் கெடுக்கும். அவருக்குக் கெடுத்தது.

அந்தப் பத்து நாளில் தொட்டியில் வேறென்னவோ நடந்துகொண்டிருந்தது. அவர் பார்த்தார், கவனிக்கவில்லை. வெளிர் நிறத்தது வாலைத் தூக்கி நெளித்துக்கொண்டு முன்னால் நடக்கும். கரியது அதன் வாலில் மூக்கை உரசிக்கொண்டு பின்னாலேயே போகும். இரண்டும் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வரும். அடியில் கல்லின் மேல் அங்கங்கே நுங்குத் துணுக்கு மாதிரிக் கூம்பு கூம்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அழுக்கு என்று நினைத்துப் பரஞ்சோதி பாதியைச் சுரண்டிப் போட்டுவிட்டார்.

*

தை பிறந்து இரண்டாம் நாள், விடிகிற நேரம்.

பரஞ்சோதி ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு வந்தார். மூச்சு புகையாக வந்தது. தினமும் ஒன்று போட்டால் போதும் என்று கணக்கு வைத்திருந்தார்.

கரியது அடியில் இருந்தது. என்றைக்கும் இல்லாமல் வயிறு இரு பக்கமும் புடைத்திருந்தது. நேற்றுப் புழு கூடிப்போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

மாத்திரையை விட்டார்.

வெள்ளையாக அது ஆடி ஆடி இறங்கியது. கரியதின் மூக்குக்கு நேரே வந்தது.

மாத்திரை இருந்தது. பிறகு இல்லை.

பரஞ்சோதி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கரைந்து தண்ணீரில் கலக்கும் என்றுதான் நினைத்திருந்தார். அது விழுங்கும் என்று நினைக்கவில்லை. ஒரு முழு மனிதனுக்கு உள்ள மருந்து, முக்கால் அடி உயிருக்குள் போயிற்று.

அவர் எண்ணத் தொடங்கினார். என்ன செய்வது என்று தெரியாத நேரத்தில் அவருக்குத் தெரிந்தது அதுதான். ஒன்று, இரண்டு, மூன்று.

ஏழில் அது துப்பியது.

வாயை லேசாகத் திறந்து, வேண்டாததை வெளியே தள்ளுவதுபோல, கோபம் ஒன்றுமில்லாமல். மாத்திரை ஓரம் கரைந்து கல்லின் மேல் விழுந்தது. கரியது இரண்டடி எடுத்துவைத்துத் தள்ளிப் போயிற்று.

பரஞ்சோதி சட்டைக் கையைக்கூட மடக்காமல் தண்ணீருக்குள் கையை விட்டார். மாத்திரையைத் தடவி எடுத்தார்.

மாத்திரைக்குப் பக்கத்தில் விரலில் வேறொன்று பட்டது.

வழுவழுப்பாக, உருண்டையாக, கல்லை விட்டு வர மறுத்துக்கொண்டு.

குனிந்து பார்த்தார். கண்ணாடி மணி மாதிரி ஒன்று. அதற்குள் கறுப்பாக ஒரு புள்ளி.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பாசி இழையில் ஒன்று. சுனையிலிருந்து வந்து விழுந்திருந்த குச்சி நெடுக மணி கோத்த மாதிரி.

கரியது அந்தக் குச்சிக்கு வந்தது. பின்னங்கால் இரண்டாலும் அதைப் பற்றியது. அப்படியே நின்றது. எல்லாமே அதோடு சேர்ந்து நின்றதுபோல இருந்தது பரஞ்சோதிக்கு. அது விலகியபோது, அது நின்ற இடத்தில் ஒரு மணி இருந்தது.

முன்பு அங்கே ஒன்றுமில்லை. இப்போது இருக்கிறது.

செவுள் ஆறும் விரிந்திருந்தன. இமை முளைக்கவில்லை. வால் சுருங்கவில்லை. ஒருநாளும் கரையைப் பார்த்ததில்லை. குட்டி அடுத்த இடத்துக்கு நடந்துபோய், கால்களால் பற்றி, இன்னொரு உயிரை வைத்துவிட்டு நகர்ந்தது.

பரஞ்சோதி ஈரக் கையை அப்படியே தலைமேல் வைத்துக் கும்பிட்டார். எதைக் கும்பிடுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது வெளிர் நிறத்தது பின்னாலேயே வந்தது. ஒரு மணி இருந்தது. பிறகு இல்லை.

“நயினார்,” என்று கூப்பிட்டார் பரஞ்சோதி. மடத்தில் யாரும் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை.

*

அன்று மடத்தில் காலைச் சாப்பாடு இல்லை.

ஆறுமுகநயினார் உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தார். தொட்டியைப் பார்த்தார்.

“குட்டிம்பீயளே அண்ணாச்சி,” என்றார். “குட்டியா பிள்ளை பெத்திருக்கு?”

“ஆமாவே.”

“அப்ப எப்பதான் இது பெரிசாகும்?”

பரஞ்சோதி வாளியை எடுத்தார்.

வெளிர் நிறத்ததை ஒரு மண்தொட்டிக்கு மாற்றினார்கள். கரியதை அது போட்டு முடிக்கும்வரை விட்டுவைத்தார்கள். மாத்திரை கரைந்த தண்ணீரை முகந்து முகந்து கொட்டி, சுனைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார் பரஞ்சோதி. சாயங்காலம் கரியதையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, பெற்றவர்களே தின்றுவிடாதபடி முட்டைகளைக் கல்லிலிருந்தும் இழையிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து அகலச் சட்டிகளில் வைத்தார்கள். ஒருவருக்குப் பத்து விரல். ஒருவருக்கு எட்டு. எட்டு விரல்தான் பதமாக எடுத்தது.

இருட்டுவதற்கு முன்னால் பரஞ்சோதி அம்மாவிடம் போனார். தோள்வரை ஈரம். உதடு நீலம் பாரித்திருந்தது.

அம்மா அவரைப் பார்த்தார்.

“மாத்திரை போட்டாச்சா சர்வேயரே?”

“போட்டேம்மா.” என்றார் பரஞ்சோதி. “எனக்கில்லை.”

“பிறகு?”

“அதுக்கு.”

அம்மா கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

“அது என்ன சொல்லுச்சு?”

“துப்பிருச்சும்மா.”

அம்மா சிரிக்கவில்லை. காத்திருந்தார்.

கடிதத்தைச் சொன்னார் பரஞ்சோதி. மண்டபத்தைச் சொன்னார். உரமூட்டையைச் சொன்னார். அம்மா கேட்ட கேள்வியை விடுகதை என்று எடுத்துக்கொண்டதையும், செத்தாலும் சாகட்டும் என்று ஒரு கணம் மனசு சொன்னதையும் மறைக்காமல் சொன்னார். கடைசியாக முட்டையைச் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு வார்த்தை சரியாக வரவில்லை. கையைக் கையைக் காட்டினார்.

“வந்த அன்னைக்கு எப்படி இருந்தேனோ அப்படியேதாம்மா இருக்கேன்,” என்றார். “ஒண்ணும் முளைக்கலை.”

அம்மா கேட்டார்.

“எத்தனை முட்டை?”

சாயங்காலம் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துவைத்தவர் பரஞ்சோதி.

“எண்ணலையேம்மா,” என்றார்.

அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அம்மா எழுந்து வாசலுக்குப் போனார். மூன்றாவது ஆணியிலிருந்து செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தார்.

*

விடிந்ததும் பரஞ்சோதி கிளம்பினார். முட்டைகளைத் தான் பார்த்துக்கொள்வதாக ஆறுமுகநயினார் சொல்லியிருந்தார். பொரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம், பொரிந்த பிறகு ஒன்றையொன்று கடிக்கும், பிரித்து வையுங்கள் என்று பரஞ்சோதி நாலு தடவை சொன்னார். கை கடிபட்டாலும் பயப்படாதீர்கள் என்றும் சொன்னார்.

“எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?” என்றார் நயினார், தன் கையைக் காட்டி.

வாசலில் அம்மா நின்றிருந்தார்.

பரஞ்சோதி செருப்பில் காலை நுழைத்தார். எண்ணெய் தடவித் தடவி வைத்ததில் தோல் வெண்ணெயாக இருந்தது. ஆனால் கால் கொள்ளவில்லை. எட்டரை வருஷம் பாறையிலும் படியிலும் வெறுங்காலாக நடந்து, பாதம் அகன்று, விரல்கள் விரிந்திருந்தன. மறுபடி அழுத்திப் பார்த்தார். போகவில்லை.

குனிந்து தன் பாதங்களைப் பார்த்தபடி நின்றார். அதுவரை அவர் அவற்றைப் பார்த்ததே இல்லை போல.

செருப்பை எடுத்துத் தூசியைத் தட்டினார். போய் மூன்றாவது ஆணியிலேயே மறுபடி மாட்டினார்.

அப்படி யாரும் அந்த மடத்தில் செய்ததில்லை.

“என்ன சர்வேயரே, போகலையா?” என்றார் அம்மா.

“பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா,” என்று படியில் காலை வைத்தார் பரஞ்சோதி.